பூட்டி வைத்த கருவி

கொடைக்கானலுக்குப் பக்கத்தில், வில்பட்டியை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது பள்ளங்கி. படிப்படியாக வெட்டித் திருத்திய நிலங்களில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் சமவெளிச் சந்தைகளிலும் அதன் பெயர் அடிபடுகிறது. ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும்வரை காப்பாற்றுவது இந்த மலையில் தனிப்பாடு. 2013-ல் பழனி மலையின் 608.95 சதுர கிலோமீட்டர் காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மலைக் கிராமங்களில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பல இடங்களில் ஒரு வரப்பு அகலம்தான் இடைவெளி. இருட்டியதும் காட்டுமாடு இறங்கும், காட்டுப்பன்றி இறங்கும். பன்றிக் கூட்டம் ஓர் இரவில் கிளறிப்போட்ட உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்தவர்களுக்கு, மலை விவசாயி வீட்டில் துப்பாக்கிப் பேச்சு ஏன் எழுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி செய்கிறது. உரிமம் உள்ளவர் அங்கீகாரம் பெற்ற கடையில் முழுத் துப்பாக்கியாக வாங்கிக்கொள்ளலாம். உரிமம் இல்லாதவருக்கு, இந்தியாவின் மலையூர்களில் நெடுங்காலமாகவே இன்னொரு வழி இருக்கிறது. குழல் ஓரிடம், கட்டை ஓரிடம், குதிரையும் விசையும் வேறோர் இடம் என்று சேர்த்து, எங்கோ ஒரு பட்டறையில் ஒன்றாகிற நாட்டுத் துப்பாக்கி. அது குற்றம். பிடிபட்டால் சிறை. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி சட்டப் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. உயிரைக் கொல்லும் கருவி ஒன்றைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தன் கையால் கோத்தவனுக்கும், கோத்து முடித்ததைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கும் அறத்தின் கணக்கில் வேறுபாடு உண்டா? கோத்தவன் பாவி, வாங்கியவன் வெறும் வாடிக்கையாளன் என்று நினைப்பது எளிது. செய்தவன் கைவினைஞன், வாங்கியவன்தான் கொலைகாரன் என்று நினைப்பதும் அதே அளவு எளிது. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

பழனி மலைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. மலையின் அடிவாரத்தில், பழனிக்கு அருகே ஐவர்மலை நிற்கிறது. அதன் இயற்கைக் குகைத்தளத்துக்கு மேலே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-ல் பாண்டியன் வரகுணன் காலத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று, திருஅயிரை என்ற இந்த மலையில் பார்சுவநாதர், இயக்கி உருவங்களைச் சாந்திவீரக் குரவர் புதுப்பித்ததையும் அதற்கான பொற்கொடையையும் சொல்கிறது. நடக்கும்போது எறும்பு மிதிபடக் கூடாதென்று மயில்பீலி ஏந்திய துறவிகள் வாழ்ந்த பாறை அது. அவர்களுடைய சமயம், கருவிகளைப் பற்றி இந்தியாவின் வேறெந்தச் சமயமும் யோசிக்காத அளவுக்கு நுணுக்கமாக யோசித்திருக்கிறது.

வடநாட்டுச் சுவேதாம்பர சமணரின் ஆகமமான பகவதி சூத்திரத்தில் மகாவீரரின் தலைமைச் சீடர் பதினொருவரில் ஒருவரான மண்டிதபுத்திரர் கேட்கிறார்: வினையைக் கொண்டுவந்து சேர்க்கும் கிரியைகள் எத்தனை? ஐந்து என்று பதில் வருகிறது. உடலால் ஆவது, கருவியால் ஆவது, பகையால் ஆவது, துன்புறுத்தலால் ஆவது, கொல்வதால் ஆவது. சீடர் விடவில்லை. கருவியால் ஆவது எத்தனை வகை என்கிறார். இரண்டு வகை: ஏற்கெனவே இருக்கும் உறுப்புகளைச் சேர்த்துப் பொருத்துவது ஒன்று, கருவியைப் புதிதாக உண்டாக்குவது மற்றொன்று. முன்னதற்குச் சம்யோஜனம் என்று பெயர், பின்னதற்கு நிர்வர்த்தனம் என்று பெயர். வாளுக்குப் பிடி போடுகிறவனும் வாளையே காய்ச்சி அடிக்கிறவனும் இந்த நூலில் தனித்தனி வரிசையில் நிற்கிறார்கள்.

துப்பாக்கி என்ற பொருளே இல்லாத காலத்தில் எழுந்த பாகுபாடு இது. தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள். அவர்கள் பகவதி சூத்திரத்தை ஆகமமாக ஏற்பதில்லை. ஆனால் இரு பிரிவாரும் ஏற்கிற தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் இயலிலும் இதே சிந்தனை இருக்கிறது. உயிரற்ற பொருளின் வழியே வினை வருவதற்கு அது நான்கு வாயில்களைச் சொல்கிறது: உண்டாக்குதல், வைத்தல், சேர்த்தல், ஏவுதல். கொல்லுதல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொலைக்கு வெகு முன்பே, பட்டறையிலும் பரணிலும் கணக்கு தொடங்கிவிடுகிறது.

பகவதி சூத்திரம் இன்னும் ஒரு படி போகிறது. ஒருவன் வில்லை எடுக்கிறான், அம்பைத் தொடுக்கிறான், காதுவரை இழுத்து விடுகிறான். அம்பு பட்டு உயிர்கள் சாகின்றன. அவனுக்கு ஐந்து கிரியைகளும் உண்டு என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் வில்லாக வளைந்த மரத்தின் உயிர், நரம்பு எடுத்த விலங்கின் உயிர், அம்பின் இறகு எந்தப் பறவையுடையதோ அந்த உயிர், இவையும் அந்த வினையில் பங்குபெறுகின்றன என்கிறது நூல். செத்துப்போன பறவை எப்படிப் பொறுப்பாகும்? உரைகாரர்களுக்கே கடினமான இடம் இது. துறவாமல் விட்டுப்போன உடலுக்கும் கணக்கு தொடரும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் அதன் அடியில் ஓடும் பார்வையை மறுக்க முடியாது. ஒரு கருவி என்பது அதைப் பிடித்த கையோடு முடிவதில்லை. அது வந்த வழியெல்லாம் அதற்குள் இருக்கிறது.

நவீன அரசுகளும் இந்தச் சிக்கலில் வந்து முட்டியிருக்கின்றன. இந்திய ஆயுதச் சட்டத்தின் 2-ம் பிரிவு, ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளையும் ஆயுதம் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. கடையாத வெறும் இரும்பு இரும்புதான். துப்பாக்கிக் குழலாகக் கடைந்த கணத்திலேயே அது சட்டத்தின் கண்ணில் ஆயுதம். முழுத் துப்பாக்கி ஆகும்வரை சட்டம் காத்திருப்பதில்லை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறுப்புகளில் ஒன்றை மட்டும், மற்றவற்றைத் தாங்கி நிற்கும் உடற்சட்டத்தை மட்டும், துப்பாக்கிக்குச் சமமாக வைத்தது. அதை முக்கால்வாசி செய்து நிறுத்திவிட்டு, மீதி வேலையை வாங்குபவர் வீட்டில் செய்துகொள்ளட்டும் என்று பெட்டியில் போட்டு விற்கும் வணிகம் இதிலிருந்து கிளைத்தது. பெட்டிக்குள் இருப்பது துப்பாக்கியா, துப்பாக்கியாகப் போகும் பொருளா? வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 மார்ச் 26 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அத்தகைய பெட்டியையும் சட்டத்தின்கீழ் கொண்டுவரலாம் என்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச், எழுதி முடிக்காத கையெழுத்துப் படியையும் எழுத்தாளர் தன் நாவல் என்றுதான் சொல்கிறார், பிரிக்காத பெட்டியில் வந்து இறங்கியதையும் வாங்கியவர் மேசை என்றுதான் சொல்கிறார் என்று வாதிட்டார். ஒருவர் அந்தப் பெட்டியைப் பிரித்து, சுடத்தக்க துப்பாக்கியாக்க எடுத்துக்கொண்ட நேரம் 21 நிமிடம் என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நீதிமன்றம் சட்டச் சொல்லுக்குப் பொருள் தேடியது. அதன் வாதத்தில் ஒலித்தது என்னவோ பழைய தத்துவக் கேள்விதான்: உறுப்புகள் எப்போது முழுமையாகின்றன?

இந்தக் கேள்விக்குத் துப்பாக்கியே கூர்மை ஏற்றியது என்பது வரலாறு. பழைய நாளில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தாது. கொல்லன் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி ராவி அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே இழைப்பான். எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் இது இன்னார் கை என்று சொல்லலாம். 1785-ல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சனுக்கு ஓனோரே பிளாங்க் என்ற கைவினைஞர் ஒரு வித்தையைக் காட்டினார். 50 துப்பாக்கிகளின் விசைப் பொறிகளைக் கழற்றி, உறுப்பு உறுப்பாகத் தனித்தனிப் பிரிவுகளில் போட்டு வைத்திருந்தார். கைக்கு வந்ததை வந்தபடி எடுத்து ஜெபர்சனே சிலவற்றைக் கோத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. ஆகஸ்ட் 30 அன்று ஜான் ஜே என்பவருக்கு எழுதிய கடிதத்தில் வியந்து இதைக் குறிப்பிட்டார்.

உலகத் தொழிற்சாலைகளின் கதையில் பெரிய நாள் அது. அறத்தின் கதையிலும் அதற்குச் சமமான இடம் இருக்க வேண்டும். எந்த உறுப்பும் எதிலும் பொருந்தும் என்று ஆனபின் இது இன்னார் கை என்று சொல்ல முடியாமல் போயிற்று. திருச்சியில் 1966-ல் நிறுவிய படைக்கலத் தொழிற்சாலையில் துப்பாக்கிகள் உருவாகின்றன. அத்தகைய ஆலை எதிலும் ஒரு தொழிலாளி காலை முதல் மாலைவரை ஒரே உறுப்பைக் கடையலாம். அது எந்த எல்லையில், எந்தத் துப்பாக்கிக்குள், யாருடைய தோளில் ஏறும் என்று அவருக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. குற்றத்தையும் பெருமையையும் ஒருசேரப் பங்குபோட்டுக் கரைத்துவிட்ட ஏற்பாடு இது. சமண நூல்கள் கேட்கும் கேள்வி இங்கேதான் மிகவும் தேவைப்படுகிறது. பங்குபோட்டால் வினை குறையுமா?

குறையாது என்பதே அவற்றின் பதில். அந்தப் பதிலைச் சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. தத்துவார்த்த சூத்திரம் உயிருள்ளவர் வழியாக வினை வரும் முறைகளை 108 என்று எண்ணுகிறது. செய்ய வேண்டும் என்று மனம் கொள்வது சம்ரம்பம். அதற்கான பொருள்களைத் திரட்டுவது சமாரம்பம். செயலில் இறங்குவது ஆரம்பம். இந்த மூன்றும் மனம், வாக்கு, காயம் என்ற மூன்றால் நிகழும். தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது என்று மறுபடி மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றையும் சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கில் ஏதோ ஒன்று தூண்டும். மூன்று மூன்றாக மூன்று முறை பெருக்கினால் 27, நான்கால் பெருக்கினால் 108.

துண்டுகளைத் தேடி ஊர் ஊராய் அலைகிறவன் சமாரம்பத்தில் இருக்கிறான். கோத்து முடித்ததை வாங்கியவன் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டதாக நினைக்கலாம். அவன் தாண்டவில்லை. பிறரைச் செய்யவைத்தல், உடன்படுதல் என்ற அறைகளில் அதே படி அவனுக்காகக் காத்திருக்கிறது. அவன் கொடுத்த காசில் ஒருவன் இரும்பைக் கடைந்தான், ஒருவன் கட்டையை இழைத்தான், ஒருவன் பொருத்தினான். கை வேறு, வினை ஒன்று.

இந்திய நாடாளுமன்றம் வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்தது. 1959-ம் ஆண்டுச் சட்டத்தின் 5-ம் பிரிவு உரிமமில்லாமல் ஆயுதம் செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது போன்றவற்றைத் தடுத்தது. 2019-ல் வந்த திருத்தம் அந்த வரிசையில் பெறுவதையும் தேடி அடைவதையும் சேர்த்தது. இந்தக் குற்றங்களுக்கான தண்டனையும் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை என்று ஏறியது. செய்தவனையும் பெற்றவனையும் ஒரே வரியில் நிறுத்த 60 ஆண்டு ஆகியிருக்கிறது.

பிற அறநூல்கள் ஒவ்வொன்றும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்திருக்கின்றன. இல்லறத்து உபாசகன் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களைப் புத்தர் பட்டியலிடும்போது ஆயுத வணிகத்தை முதலில் வைக்கிறார். அவர் பார்வை விற்பவன்மேல். வள்ளுவர் புலால் மறுத்தலில், வாங்க ஆளில்லாவிட்டால் விலைக்கு விற்கவும் ஆளிருக்காது என்று வாதிடுகிறார். அவர் பார்வை வாங்குபவன்மேல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு, கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுப்பதை வீண்பாவங்களில் ஒன்றாக வைக்கிறது. அதன் பார்வை இரவல் தருபவன்மேல். மூன்றையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு, ஒளிந்துகொள்ள இடம் மிஞ்சாது.

இதற்கிடையில் எளிதில் கண்ணில் படாத ஒரு விதி இருக்கிறது. சுவேதாம்பர இல்லறத்தாரின் விரதங்களில் வீண்பாவம் விலக்குவது ஒன்று. அந்த விரதத்தைக் குறைப்படுத்தும் ஐந்து வழுக்களில் ஒன்றின் பெயர் சம்யுக்தாதிகரணம். கருவியை உறுப்பு கோத்துப் பூட்டியே வைத்திருப்பது என்பது அதன் பொருள். 12-ம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரர் தம் யோகசாத்திர உரையில் இதற்கு நான்கு உதாரணங்கள் தருகிறார்: உரலோடு உலக்கை, கலப்பையோடு கொழு, வண்டியோடு நுகம், வில்லோடு அம்பு. இவற்றைச் சேர்த்து வைக்காதே என்கிறார். கழற்றித் தனித்தனியே வை. சேர்ந்தே கிடந்தால் யாராவது வந்து கேட்பார்கள், மறுக்க முடியாது, அவர்கள் எடுத்துப்போய் உயிர்களை வதைப்பார்கள்.

நான்கு உதாரணங்களில் மூன்று அன்றாட வேலைக்கருவிகள் என்பது வியப்பைத் தருகிறது. நெல் குத்தும் உலக்கையையும் நிலம் உழும் கொழுவையும் அம்போடு ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். உரலில் உலக்கை விழும்போது பூச்சி சாகிறது, கொழு கீறும்போது மண்புழு அறுபடுகிறது என்று அறிந்த சமயம் அது. ஆனாலும் குத்தாதே, உழாதே என்று அது சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கழற்று என்கிறது, அவ்வளவுதான். கழற்றி வைத்த ஏரை மறுபடி பூட்ட நேரமாகும். கொழுவைத் தேட வேண்டும், ஏர்க்காலில் மாட்ட வேண்டும், நுகத்தடியைக் கட்ட வேண்டும். அந்த நேரம்தான் விதியின் உயிர். மனிதன் தன் எண்ணத்தைத் திரும்பிப் பார்க்கக் கிடைக்கும் சிறு இடைவெளி அது.

முழுத் துப்பாக்கி வாங்குவதில் இல்லாமல் போவது இந்த இடைவெளி. எண்ணம், திரட்டல், தொடக்கம் என்று மூன்று படிகளாகச் சமணர் பிரித்தது, கடை மேசையில் ஒரு நொடியில் சுருண்டுவிடுகிறது. அப்படியானால் தன் கையால் கோப்பவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறதே, அவன் மேலல்லவா என்று கேட்கலாம். கைவேலை தெரிந்தவர்கள் இதற்குச் சட்டென்று உடன்பட மாட்டார்கள். பொருந்தாத உறுப்பைப் பொருத்தும் வேளையில் மனம் முழுக்க அந்தப் பொருத்தத்திலேயே இருக்கும். அரைநூல் அளவு தட்டுகிறதே, எங்கே ராவலாம் என்பதே சிந்தனை. எதற்காக இந்தக் கருவி என்ற கேள்விக்கு அங்கே இடமே இருக்காது. வேலை சுத்தமாக முடிந்த மகிழ்ச்சி, செய்த பொருளின் நோக்கத்தை மூடிவிடும். கோப்பவனுக்குக் கிடைத்த நேரத்தை அவன் கையின் ஆர்வமே தின்றுவிடுகிறது. வாங்குபவனுக்கோ நேரமே கிடைப்பதில்லை. வழிதான் வேறு, இருவரும் யோசிக்காமல்தான் துப்பாக்கியின் முன் வந்து நிற்கிறார்கள்.

குடகு மலையில் இந்த இடைவெளியைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து அங்குள்ள கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தின் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. நாற்று நடும் மழை மாதங்களில் துப்பாக்கியும் கத்தியும் பூசை அறைக்குப் போய்விடும். நடவு முடிந்து செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் கைல்பொள்து அன்று துடைத்துப் பொட்டிட்டு, குழல் முனையில் செங்காந்தள் பூ செருகி வணங்கிவிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். முருகனுக்கு உகந்ததென்று தமிழர் கொண்டாடும் அதே காந்தள். தமிழ்நாட்டு ஆயுத பூசையிலும் இந்தச் சாயல் உண்டு. அன்று கருவிக்கு ஓய்வு, மறுநாள் விஜயதசமியன்றுதான் மறுபடி வேலை. ஆயுதத்தை வணங்குவதா என்று சமணர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கருவியைக் கீழே வைக்க ஒரு நாள் வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன.

வாங்குபவரின் பங்கைப் பற்றித் தமிழ்நாட்டில் 20-ம் நூற்றாண்டில் இன்னும் ஆழமாகச் சிந்தித்தவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, காந்தியோடு சேர்ந்து, கடைசி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கே டி. கல்லுப்பட்டியில் கழித்தவர். 1936-ல் வெளியான தம் கிராம இயக்க நூலில் ஒரு கிண்ணம் கோகோவை எடுத்துக்கொள்கிறார். மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்து, படைபலம் காக்கும் கடல்வழியே வந்து, சலுகைத் தீர்வையில் இந்தியாவில் இறங்கினால், அதை வாங்குபவர் இத்தனைக்கும் உடந்தை என்கிறார். பொருள் எங்கிருந்து, எப்படி வந்தது என்று கேட்பது வாங்குபவரின் சமயக் கடமை என்பது அந்தக் கிறிஸ்தவரின் உறுதி. பகவதி சூத்திரம் அம்பின் இறகுவரை போனது. குமரப்பா கோகோவின் கப்பல்வரை போனார்.

பள்ளங்கி போன்ற மலையூர்களுக்கு இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? காட்டுமாடு ஏன் தோட்டத்துக்கு வருகிறது? பழனி மலையின் மேல்தளத்தில் ஒரு காலத்தில் சோலைக் காடும் புல்வெளியும் மாறி மாறிக் கிடந்தன. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், கூழுக்காகவும் விறகுக்காகவும் யூகலிப்டஸும் பைனும் அங்கே நடப்பட்டன. 1973-க்கும் 2014-க்கும் இடையே இந்த மலைத்தொடரின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. மேய்ச்சல் போன விலங்கு பாத்திக்கு வருகிறது. தோல் செருப்புப் போட்டவர், காகிதத்தில் எழுதியவர், மலைக் காய்கறியை மலிவாகக் கேட்டு வாங்கியவர் எல்லாரும் அந்த நாட்டுத் துப்பாக்கியின் உறுப்புகள்தாம். விவசாயியை மட்டும் தனியே பிரித்துக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது.

சமண மரபே விவசாயிக்கு அந்தக் கொடுமையைச் செய்யவில்லை. கொலையை அது நான்காகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே கொல்வது ஒன்று. சமையல், துப்புரவு போன்ற வீட்டுவேலையில் நேர்வது ஒன்று. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது ஒன்று. உயிரையும் உடைமையையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது ஒன்று. இல்லறத்தான் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றைக் கூடியவரை குறைத்துக்கொள்ள வேண்டும். விளைச்சலைக் காக்கத் துப்பாக்கி எடுத்தவன் கடைசி இரண்டில் வருவான். வேட்டைக் கறிக்காக எடுத்தவன் முதல் வகை. பயிர்க் காவல் என்று எடுத்த துப்பாக்கி நாளடைவில் கறிக்கு என்று திரும்பிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பூட்டியே சுவரில் தொங்கும் துப்பாக்கிக்கு அந்தத் திருப்பம் ரொம்பச் சுலபம்.

துப்பாக்கியைவிடக் கொடிய ஒன்றும் மலையடிவாரங்களில் இருக்கிறது. கோவை, சத்தியமங்கலம் பக்கங்களில் அவுட்டுக்காய் என்பார்கள். பன்றி தின்னும் தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பது. கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, தாடை பிளந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து செத்ததும் நடந்திருக்கிறது. இன்னொன்று திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே தோட்டத்துக் கம்பியில் பாய்ந்த மின்சாரத்தில் மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, செத்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே ஆண்டு தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது.

கம்பி கடையில் வாங்கியது. கம்பம் வேறிடத்தில் வாங்கியது. இணைப்பு வீட்டில் கொடுத்தது. கோத்ததா, வாங்கியதா என்ற வேறுபாடு இங்கே அர்த்தமே இழந்துவிடுகிறது. தத்துவார்த்த சூத்திரம் சொன்ன நான்கு வாயில்களில் இரண்டாவதான வைத்தல்தான் இதற்குப் பொருந்துகிறது. அதன் வகைகளாக உரைகாரர்கள் பாராமல் வைத்தல், அவசரத்தில் வைத்தல் என்றெல்லாம் சொல்கிறார்கள். துறவி தன் கமண்டலத்தைக் கீழே வைப்பதற்கும் பொருந்தும் விதி அது. துப்பாக்கிக்கு ஒரு விரலாவது வேண்டும். சுடுபவன் கடைசிக் கணத்தில் அது கன்றுக்குட்டி என்று கண்டு விரலை எடுக்க முடியும். வைத்துவிட்டுப் போன கம்பிக்கு அந்தக் கணம் கிடையாது. வைத்தவன் தூங்கிக்கொண்டிருப்பான். இவற்றுள் எது மிகக் கேடு என்று கேட்டால், தயங்காமல் இதையே சொல்ல வேண்டும்.

பழனி மலையில் துப்பாக்கியும் கம்பியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் பளியர். தேனும் கிழங்கும் தேடிப் பிழைத்தவர்கள். 1960-களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டையை அவர்கள் கையாண்ட முறையைக் கூர்ந்து பதிவு செய்தார். மோதல் முற்றினால் ஒருவர் எழுந்து வேறிடம் போய்விடுவார். பிறரைக் கட்டுப்படுத்தும் எண்ணத்தையே அவர்கள் மரியாதைக்குறைவாகக் கண்டார்கள். விதைத்து, வேலி போட்டு, அறுவடைக்குக் காத்திருக்கும் வாழ்க்கைக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. எழுந்து போவதற்குப் பூண்டுக்குக் கால் இல்லை. ஆனால் பளியரும் காட்டுமாடும் ஒரே காட்டில் அவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த மலையில் யாரும் ஆயுத நியாயம் பேசக் கூடாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி விவசாயி கையிலிருந்து அரசின் கைக்குப் போகிறது. விரல் வனக்காவலருடையது, மனு விவசாயியுடையது, வரிப்பணம் எல்லாருடையது. 108 அறைகளில் இது எந்தெந்த அறைகளில் விழும் என்று ஐவர்மலைத் துறவிகள் இருந்திருந்தால் உட்கார்ந்து பிரித்துச் சொல்லியிருப்பார்கள். காட்டை ஒட்டியே கிடக்கும் மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்த முதல் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே பாத்திக் காவலுக்குப் போகிறவருக்கு இந்த அறிவிப்பால் துப்பாக்கியும் வராது, வனக்காவலரின் தோட்டாவும் வராது. தகர டின்னும் டார்ச்சும்தான் துணை. பயிர்ச்சேத இழப்பீட்டு மனு காலதாமதமில்லாமல் தீர்ந்தால், அந்த ஒரு கிலோமீட்டர் விதி அவருக்கும் நியாயமாகப் படும்.